ப்ரைம்95 பாஸ் ஆகியும் ரெண்டர் பாதியில் நிற்பது ஏன்?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "16 ஜிபி ரேம் இருந்த கம்ப்யூட்டரில் இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். ப்ரைம்95-ல் ஸ்மால் எஃப்.எஃப்.டி அரை மணி நேரம் ஓட்டினேன். சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை, எரரும் இல்லை. ஆனால் கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கினால்) பாதியில் மென்பொருள் மூடிக்கொள்கிறது, சில நாள் நீலத் திரை வருகிறது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை நம்பலாமா? எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும்? அதனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமா?"

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றால் ப்ரைம்95 போன்ற மென்பொருளால் கம்ப்யூட்டருக்கு முழு வேலை கொடுத்து, அது தடுமாறுகிறதா என்று பார்ப்பது. தாராளமாக நம்பலாம். ஆனால் நீங்கள் ஓட்டிய டெஸ்ட் ரேம் பக்கமே போகவில்லை. ஸ்மால் எஃப்.எஃப்.டி என்பது ப்ரைம்95-ல் உள்ள சிறிய கணக்கு டெஸ்ட். அதன் கணக்கு முழுவதும் ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் என்ற சிறிய நினைவகத்திலேயே அடங்கிவிடும். ப்ராசஸர், கூலர், மதர்போர்டின் மின்சாரப் பகுதி மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டீர்கள், நல்லது. புதிதாகப் போட்ட ரேம் இன்னும் பரீட்சையே எழுதவில்லை.

ப்ரைம்95 எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம் இது. மெர்சென் பகா எண்களை (2-ஐப் பல முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை) தேடுவதற்காக 1996-ல் ஆரம்பித்த ஜிம்ப்ஸ் திட்டத்தின் மென்பொருள் அது. லட்சக்கணக்கான இலக்கம் உள்ள எண்களைப் பெருக்க வேண்டும். அதைத் தசம எண்களாக மாற்றித்தான் பெருக்குகிறது. விடை வரும்போது ஒவ்வொன்றும் ஒரு முழு எண்ணை ஒட்டியே வந்து நிற்க வேண்டும். 0.5 தள்ளி நின்றால் மேலே எடுப்பதா, கீழே எடுப்பதா என்றே தெரியாது. 'ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும்' என்று ஒரு எரர் வருமே, அதன் பொருள் இதுதான். அப்புறம் கடைசி விடையை, முன்பே தெரிந்த சரியான விடையோடு ஒப்பிட்டும் பார்க்கும். ஆகவே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகாமல் ஓடினால் மட்டும் பாஸ் இல்லை, கணக்கு சரியாக வந்தால்தான் பாஸ். இன்டெலின் ஸ்கைலேக் ப்ராசஸர்கள் குறிப்பிட்ட ஒரு கணக்கில் உறைந்து போகின்றன என்று முதலில் கண்டுபிடித்ததே ப்ரைம்95 ஓட்டியவர்கள்தான். 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் சரிசெய்தது.

சரி, உங்கள் கேஸுக்கு வருவோம். வேறு வேறு சமயத்தில் வாங்கிய இரண்டு ரேம் என்றதுமே எனக்கு என் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டது. நானும் இப்படித்தான் ஒன்றைப் பிறகு வாங்கிச் சேர்த்தேன். பயாஸில் எக்ஸ்.எம்.பி (ரேமை அதன் மேல் போட்டிருக்கும் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டு 3200 வேகத்தில் ஓட்டினேன். பல வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. பழைய போட்டோக்களை எல்லாம் புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். ஒரு நாள் என் மகளின் பள்ளி ஆண்டு விழாப் படத்தைத் திறந்தால், மேடையும் திரைச்சீலையும் சரியாக இருக்கின்றன, அவள் நிற்கும் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பலும் ஊதாவுமாகக் கோடு. ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினாலே போதும், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் குலைந்து போகலாம். அந்தப் படத்தை என்னால் மீட்கவே முடியவில்லை.

அன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு பூட் செய்தேன். ரேம் முழுவதையும் ஒரு சுற்று சோதிப்பதை அதில் ஒரு பாஸ் என்பார்கள். இரண்டாவது பாஸ் வரை ஒன்றுமில்லை. மூன்றாவதில் எரர் வந்தது. வந்திருக்க வேண்டிய மதிப்பும், வந்த மதிப்பும் அருகருகே இருந்தன. நீளமான எண்ணில் ஒரே ஒரு இலக்கம் வேறு. ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் எரர் இல்லை. சேர்த்துப் போட்டு வேகத்தை 2933-க்குக் குறைத்தேன், நான்கு பாஸும் சுத்தம். அன்றிலிருந்து அப்படியே ஓடுகிறது. அந்த வேகக் குறைவை என் கண்ணால் உணரக்கூட முடியவில்லை.

அதனால்தான் ரேம் டெஸ்ட்டை முதலில் செய்யச் சொல்கிறேன். ப்ராசஸர் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேம் தப்புச் செய்தால் சத்தமே வராது, உங்கள் ஃபைல்களைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளரின் கல்யாண வீடியோ அந்த கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்ற வேலையை நிறுத்திவிட்டு, ஒரிஜினல் ஃபைல்களை வேறு கம்ப்யூட்டர் வழியாக இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.

எத்தனை மணி நேரம் என்றால், மெம்டெஸ்ட்86 நான்கு பாஸ். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், படுக்கும் முன் போட்டுவிடலாம். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். அதில் எரர் வராவிட்டால் ப்ரைம்95-ல் ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் லார்ஜ் எஃப்.எஃப்.டி அல்லது பிளெண்ட், ஒரு ராத்திரி. மார்கழியில் பாஸ் ஆன கம்ப்யூட்டர் சித்திரை வெயிலில் தடுமாறலாம், கோடையில் ஒருமுறை மறுபடி ஓட்டுங்கள்.

கெட்டுவிடுமா என்ற பயம் ப்ராசஸருக்கு வேண்டாம், பயாஸில் ப்ராசஸரின் அமைப்பை மாற்றாமல் இருக்கும் வரை. பல இன்டெல் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அங்கே போனதும் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். நான் பயப்படுவது மலிவான எஸ்.எம்.பி.எஸ்-க்கு (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டிக்கு) மட்டும்தான். ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து ஓட்டும் டெஸ்ட்டை யாரும் தூங்கும்போது ஓட்டாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். நீலத் திரைகூட வராமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல்தான். உங்களுக்கு அப்படி ஆகவில்லை.

ஆகவே இன்று இரவு எக்ஸ்.எம்.பி-யை ஆஃப் செய்யாமல், இப்போது இருக்கும் நிலையிலேயே மெம்டெஸ்ட்86 போடுங்கள். எரர் வந்தால் எக்ஸ்.எம்.பி-யை ஆஃப் செய்து மறுபடி. அப்போதும் வந்தால் ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றி. எந்த ரேமில், எத்தனையாவது பாஸில் வந்தது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதைப் பார்த்துவிடலாம்.