கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகையில்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் போவதென்றால் முதலில் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். மழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து குளம் பெருகினால்தான் நாரை கூடு கட்டும். நல்ல வருஷத்தில் பிப்ரவரி, மார்ச் பொருத்தமான மாதங்கள். விடியும்போதே கரையில் நில்லுங்கள். வெயில் ஏறினால் கானல் எழும்பி, பைனாக்குலரில் உருவம் நெளியும்.

8x42 பைனாக்குலர், அதாவது 8 மடங்கு பெரிதாக்கி 42 மி.மீ. முன்வில்லை உள்ளது, போதும். 10 மடங்கு பெரிதாக்குவது பிள்ளைகள் கையில் ஆடும். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடிக்க வேண்டும்; பார்வையை விலக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். இதைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் வானத்தைத் துழாவுவதிலேயே போகும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இருபுறமும் வீசும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். கண்ணுக்கு அங்கே வேலை குறைவு, தொடுவுணர்ச்சிதான் எல்லாம். அதன் குஞ்சு அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருப்பதால், பிள்ளைகள் வேறு பறவை என்று எழுதிவிடுவார்கள். கூழைக்கடாக் குஞ்சோ தாயின் தொண்டைப் பைக்குள் தலையையே நுழைத்துத் தின்னும். இந்த ஒரு காட்சிக்காகவே அரை மணி நேரம் உட்காரலாம்.

இனி, மிக முக்கியமானது. சத்தம் கேட்டுத் தாய் எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். உச்சி வெயிலில் தாய் சிறகை விரித்து நிழல் கொடுக்காவிட்டால் குஞ்சு தாங்காது. மிரண்ட குஞ்சு தின்ற மீனைக் கக்கிவிடும். அந்த வேளை இரை போயிற்று. ஆகவே பறவை பார்க்கும் கோபுரத்திலிருந்தும் கரையிலிருந்தும் மட்டும் பாருங்கள். 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஊருக்கு வெளியிலேயே பஸ் ஹாரனை நிறுத்தச் சொல்லுங்கள். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994-ல். ஊர் மக்களோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தங்கள் தெரு மரங்களில் கூடுகளைக் காத்தவர்கள், பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே கைவிட்டவர்கள். அவர்கள் தெருவில் நாம் கத்தலாமா?

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் தள்ளி நின்று நாய் வராமல் பார்க்கட்டும். இன்னொருவர் போய் வனத்துறைக் காவலரை அழைத்து வரட்டும்.