சிறுமூளை பேசுமா?

புதுச்சேரி நேயர்களுக்கும் கடலூர் பக்கத்து நேயர்களுக்கும் வணக்கம்.

'யார் தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை.' வேகமாக இரண்டு மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். நாக்கு, உதடு, மூச்சு எல்லாம் முன்னே பின்னே ஆகாமல் வந்து சேருகிறதே, அந்த நேரக்கணக்கைப் பார்த்துக்கொள்வது பிடரிக்கு மேலே உள்ள சிறுமூளை. எடையில் மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன.

முதல் உலகப் போரில் பின்மண்டையில் குண்டடி பட்ட சிப்பாய்களை கார்டன் ஹோம்ஸ் என்ற, அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் மருத்துவர் பரிசோதித்தார். நடை தள்ளாடியது, பேச்சு இழுத்து இழுத்துக் குழறியது. அதனால், சிறுமூளைக்கு வாயசைவோடு சரி, சொல்லும் இலக்கணமும் பெருமூளையின் இடப்பக்கத்து வேலை என்றே ரொம்ப காலம் நம்பினார்கள். நான் படித்த பாடப்புத்தகத்திலும் அவ்வளவுதான்.

1980களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பெயர்ச்சொல்லைக் காட்டி, அதற்குப் பொருந்தும் வினைச்சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். நம் ஊர்க் கணக்கில் 'வலை' என்றால் 'வீசு', 'சோறு' என்றால் 'வடி'. காட்டிய சொல்லை அப்படியே வாசிக்கும்போது நடக்கும் வேலையை ஸ்கேனில் கழித்துவிட்டார்கள். வாயசைவின் பங்கு அதோடு போயிற்று. அப்போதும் சிறுமூளையின் வலப்பக்கம் சுறுசுறுப்பாகத் தெரிந்தது! அந்த வலப்பக்கம், பெருமூளையின் இடப்பக்கத்தோடு குறுக்காக இணைந்திருக்கிறது.

1998-ல் பாஸ்டனில் ஷ்மாமன், ஷெர்மன் இருவரும் சிறுமூளை பாதித்த 20 பேரை ஆராய்ந்தார்கள். சொல் சட்டென வராமை, சிலருக்கு இலக்கணப் பிசகு.

எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு யோசனை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் சிறுமூளையின் தொழில் என்கிறார்கள் சிலர். தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'தேவனாம்பட்டினத்துல மீன் வாங்கிக்கிட்டு பஸ்ஸுக்காக' என்று நான் நிறுத்தினால், 'காத்திருந்தேன்' என்று நீங்களே முடித்திருப்பீர்கள். 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வலப்பக்கச் சிறுமூளையைக் காந்தத் துடிப்பால் சற்று நேரம் தடுமாற வைத்தபோது, கேட்பவர்களின் இந்த முன்கணிப்பு மந்தமானது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் வெறும் வாயசைவுதான் என்று இனி யாரும் சாதிக்க முடியாது.

இதில் வீட்டாருக்கு ஒரு சேதி உண்டு. திடீரென்று தலைசுற்றல், வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் சேர்ந்து வந்தால், நம் பக்கம் உடனே 'குடிச்சிருக்கான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். சாராயமும் சிறுமூளையைத்தான் தாக்குகிறது, அதனால் வரும் குழப்பம் இது. கை கால் விளங்காமல் போனால்தான் பக்கவாதம் என்றும் காத்திருக்காதீர்கள். சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் கை கால் பலம் அப்படியே இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். எப்போது ஆரம்பித்தது என்பதைக் குறித்து வையுங்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர்கள் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

வணக்கம்.