ஒத்திகை அறையில் நடப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

கலையால் சமூகத்துக்கு என்ன நன்மை, உடல்நலத்துக்கு என்ன நன்மை, நாடுகளுக்கு இடையே என்ன நன்மை என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் நம் கண் தானாக மேடைக்குத்தான் போகும். விளக்கு, திரை, கைதட்டல், மறுநாள் நாளிதழில் படம். எனக்கு அதைவிட மேடைக்கு முந்தைய மாதங்கள்மீதுதான் அக்கறை. ஒத்திகை, பயிற்சி, பட்டறை, வாரம் தவறாமல் ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவது. கலை மனிதருக்குச் செய்கிற நன்மையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி. அதற்கு எதிரான சான்றும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிலி நாட்டிலிருந்து தொடங்கலாம். 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அகுஸ்தோ பினோச்சேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000 பேருக்கு மேல் என்று பின்னாளில் அரசு அமைத்த ஆணையங்களே பதிவு செய்தன. மகனைத் தேடி, கணவனைத் தேடி, தலைநகர் சாந்தியாகோவில் காவல் நிலையம், மருத்துவமனை, பிணவறை என்று அலைந்த பெண்கள் போகிற இடமெல்லாம் அதே முகங்களைப் பார்த்தார்கள். வீட்டில் சம்பாதித்தவரும் இல்லை. துக்கம் ஒரு பக்கம், அடுப்பு எரியாதது மறுபக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் இவர்களுக்காகப் பட்டறைகள் தொடங்கின. அங்கே அவர்கள் கற்றது ஒட்டுத்துணிப் படம் தைப்பது. சாக்குத்துணியை விரித்து, அதன்மேல் துண்டுத் துணிகளை வெட்டி வைத்துத் தைத்து ஒரு காட்சியை உருவாக்குவது. அர்ப்பியேரா என்று அதற்குப் பெயர்.

அந்தக் கலை அவர்களுக்கு முன்பே இருந்ததுதான். சிலியின் பாடகி வியோலெத்தா பார்ரா தாம் தைத்த படங்களை 1964-இல் பாரிஸ் லூவ்ர் மாளிகையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார். ஆனால் சாந்தியாகோ பெண்கள் பூவும் பறவையும் மட்டும் தைக்கவில்லை. பின்னால் ஆண்டீஸ் மலை, மேலே சூரியன், முன்னால் வரிசையாக வீடுகள்; பார்த்தால் குழந்தைகள் வரைந்த படம்போல இருக்கும். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு வீட்டு வாசலில் ராணுவ வண்டி நிற்கும். சிறைக்கு வெளியே பெண்கள் காத்திருப்பார்கள். அவர்கள் கையில் பதாகை: ‘எங்கே அவர்கள்?’ சில படங்களில் காணாமல் போனவரின் சட்டைத் துணியே இருந்தது. சிலவற்றின் பின்புறம் ஒரு சிறு பை தைத்து, அதற்குள் விவரச் சீட்டு வைத்தார்கள். பத்திரிகைகள் எழுத முடியாததைப் பெண்கள் ஊசியால் எழுதினார்கள். பெண்கள் தைக்கிற துணிதானே என்ற அலட்சியத்தில் அதிகாரிகள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டபோது அந்தப் படங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. திருச்சபையும், நாட்டை விட்டு வெளியேறிய சிலி மக்களும், மனித உரிமை அமைப்புகளும் அவற்றை வெளியே கொண்டுபோய் விற்றுப் பணத்தைத் தைத்தவர்களிடம் சேர்த்தார்கள்.

இந்த ஒரே உதாரணத்தில் இன்றைய தலைப்பின் மூன்று பாகமும் அடங்கிவிடுகிறது. தனித்தனியாக அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அது சமூகம். சொல்ல முடியாததைக் கை செய்தது, அது மனநலம். அந்தத் துணி கடல் கடந்து போனது. அது பண்பாட்டுப் பரிமாற்றம். ஆனால் இந்த மூன்றில் எதையும் மனத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் பட்டறைக்கு வரவில்லை. பிள்ளையைத் தேடுவதற்கும் வயிற்றுப்பாட்டுக்கும்தான் வந்தார்கள். வாரந்தோறும் வந்தார்கள். மற்றதெல்லாம் அந்த வருகையின்மேல் வளர்ந்தது. பிறகு பெருவில் உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்த பெண்களும் இதே முறையில் தங்கள் கதையைத் தைத்தார்கள். எந்த அரசும் அனுப்பி வைக்காமல் ஒரு கலை எல்லை தாண்டியது அப்படித்தான்.

எஸ்தோனியாவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே வகைதான். 1988-இல் தலைநகர் தாலினில் இருக்கும் பாடல் விழாத் திடலில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 15 லட்சம். மூன்றே ஆண்டில், 1991-இல், சோவியத் ஒன்றியத்திலிருந்து அந்த நாடு மீண்டும் விடுதலை அடைந்தது. பாடும் புரட்சி என்று உலகம் வியந்தது. திடீரென்று ஒரு மக்கள் கூட்டம் ஒரே குரலில் பாடிவிடுமா? 1869-இல் தார்த்து நகரில் முதல் பாடல் விழா நடந்ததிலிருந்து அங்கே ஊர்தோறும் சேர்ந்திசைக் குழுக்கள் இருக்கின்றன. பள்ளியில், தொழிற்சாலையில், தேவாலயத்தில் மாலை நேரத்தில் கூடி ஒரே பாடல்களைப் பயில்வார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாரும் திடலில் சேர்வார்கள். ரஷ்யப் பேரரசு போய், சுதந்திரம் வந்து, சோவியத் ஆட்சி வந்தபோதும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. 1988-இல் உலகம் பார்த்தது ஒரே ஒரு கூட்டத்தை. அதற்குப் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒத்திகை இருந்தது.

சரி, உடல்நலத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். ராகம் கேட்டால் ரத்த அழுத்தம் ஓடிவிடும், ஓவியம் தீட்டினால் எல்லா நோயும் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த 3,000-க்கும் அதிகமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை அது. நோய் வராமல் காப்பதிலும், வந்த நோயோடு வாழ்வதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்று சொன்னது. ஆய்வுகளின் தரம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. இந்த இரண்டாவது வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

எனக்குப் பிடித்தவை அளவோடு பேசுகிற ஆய்வுகள். கோவிட் வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் மூச்சு வாங்கி அவதிப்பட்டவர்களுக்காக இங்கிலீஷ் நேஷனல் ஆப்பரா என்ற இசைநாடக நிறுவனமும் லண்டன் மருத்துவர்களும் சேர்ந்து ஆறு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். பாடுகிறவர்கள் மூச்சைக் கையாள்கிற விதத்தை இணையவழியில் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது தாலாட்டுப் பாடல்களை. உச்சஸ்தாயி கிடையாது, வேகம் கிடையாது, மூச்சு தானே நீளும். 150 பேரை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2022-இல் மருத்துவ இதழில் வந்தது. மனநலம் தொடர்பான அளவீடுகளில் முன்னேற்றம், மூச்சுத்திணறலில் சில கூறுகளில் முன்னேற்றம், உடல்நலம் தொடர்பான மற்ற அளவீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. இவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் மூச்சுக்குப் பயந்து வாழ்ந்தவருக்கு இந்த ‘இவ்வளவு’ சின்ன விஷயம் இல்லை.

பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் இருக்கும் தாளக்கணக்கு தடுமாறுகிறது. நடக்க வேண்டும் என்று மனம் சொன்னாலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு தாளம் கேட்டால் உடல் அதைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கும். நியூயார்க்கின் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001-இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்காக வகுப்புத் தொடங்கியது. அந்த வகுப்பின் முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, வருகிறவர்களை ‘நோயாளி’ என்று நடத்தாததுதான். அங்கே அவர்கள் நடனம் கற்கிறவர்கள். நோயைப் பற்றிப் பேச வேறு இடம் இருக்கிறது.

இன்னொரு ஆய்வு என் கட்சிக்கு நேராகவே உதவுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்து 2015-இல் எழுதினார்கள். சில வகுப்புகளில் பாட்டு, மற்றவற்றில் கைவினை அல்லது எழுத்து. பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் சீக்கிரமாக ஒட்டிக்கொண்டார்கள். ஏழாம் மாதம் வந்தபோது எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவில் இருந்தது. சேர்ந்து பாடுவது அறிமுகத்தை விரைவுபடுத்துகிறது. உறவை உண்டாக்குவது என்னவோ திரும்பத் திரும்ப வந்து பக்கத்தில் உட்காருவதுதான்.

இப்போது எதிர்ச்சான்று. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 6,700-க்கும் அதிகமானோரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போய்வந்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகவே போகாதவர்களைவிட 31 விழுக்காடு குறைவாக இருந்தது. வருமானம், கல்வி, ஏற்கெனவே இருந்த நோய் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த எண் வருகிறது. இவர்கள் பாடவும் இல்லை, ஆடவும் இல்லை. போய்ப் பார்த்தார்கள், அவ்வளவே. ஆக, வெறும் பார்வையாளருக்கும் ஏதோ கிடைக்கிறது என்று சொல்லலாம். நடக்கத் தெம்பு உள்ளவர்தான் நாடகம் பார்க்கப் போவார் என்றும் சொல்லலாம். இது அவதானிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. எப்படியிருந்தாலும் நான் இதை ஒதுக்கிவிடத் தயாரில்லை. பார்வையாளர் பக்கம் பலம் கொஞ்சம் கூடுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கனடாவின் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகமும் அங்குள்ள மருத்துவர் சங்கம் ஒன்றும் சேர்ந்து 2018-இல் ஓர் ஏற்பாடு செய்தன. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் நோயாளி அருங்காட்சியகத்தை இலவசமாகப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனாலும் கலையை மருந்துச்சீட்டில் எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உடல்நலம்தான் காரணம் என்று சொல்லி அரசிடம் பணம் கேட்டால், நாளை ஒரு நிதி அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்து, காலை நடைப்பயிற்சிக் குழு இதைவிட மலிவு என்பார். அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

நாடுகளுக்கு இடையிலான விஷயத்தில் மேடைக்கும் ஒத்திகைக்கும் உள்ள தூரம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு வடகொரியத் தலைநகர் பியோங்யாங்குக்குப் போனது. கச்சேரியின் முடிவில் கொரிய நாட்டுப்பாடலான அரிராங்கை வாசித்தார்கள். அரங்கம் நெகிழ்ந்தது, கை அசைத்தது, உலகமே நேரலையில் பார்த்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வடகொரியா இரண்டாவது அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. இசைக்குழுவைக் குறை சொல்லவில்லை. ஓரிரு நாள் பயணத்திடம் அவ்வளவு எதிர்பார்த்தது நம் தவறு.

அரசு கலைஞரைத் தூதராக அனுப்பும்போது வேறொரு சங்கடமும் உண்டு. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா ஜாஸ் கலைஞர்களை உலகம் முழுக்க அனுப்பியது. 1957-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் சோவியத் நாட்டுக்குப் போவதாக இருந்தது. அப்போதுதான் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள். என் மக்களை இப்படி நடத்துகிற அரசுக்காக நான் போகமாட்டேன் என்று ஆம்ஸ்ட்ராங் மறுத்துவிட்டார். பண்பாட்டுப் பரிமாற்ற வரலாற்றில், நடக்காத அந்தப் பயணத்துக்கு நான் பெரிய இடம் கொடுப்பேன்.

மறுபக்கத்தில் யெஹூதி மெனுஹினும் ரவிசங்கரும். இருவரும் 1952-இல் சந்தித்தார்கள். இங்கிலாந்தின் பாத் இசைவிழாவில் சேர்ந்து வாசித்தது 1966-இல். இடையில் 14 ஆண்டுகள். உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர், தம் இசையில் இல்லாத ஒரு முறைக்கு முன்னால் மாணவராக உட்கார எடுத்துக்கொண்ட காலம் அது.

1999-இல் இசை நடத்துநர் டேனியல் பேரன்பாய்மும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சையீதும் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய இசைக்குழுவில் இஸ்ரேல், பாலஸ்தீனம், மற்ற அரபு நாடுகளின் இளைஞர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒரே இசைத்தாளை இருவர் பகிர்ந்துகொண்டு, ஒரே இடத்தில் வில்லை இழுத்து, ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கவனித்தே ஆக வேண்டும். அவருடைய அரசியலை ஏற்க வேண்டியதில்லை. ஒத்திகை முடிந்த மாலைகளில் கடும் வாக்குவாதம் நடக்கும். மறுநாள் காலை மறுபடி அதே நாற்காலி. இது சமாதானத்தைக் கொண்டுவரும் என்று பேரன்பாய்மே உரிமை கொண்டாடவில்லை, கொண்டுவரவும் இல்லை. 2005-இல் இந்தக் குழு பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் வாசித்தபோது, எல்லைகளைக் கடப்பதற்காக ஸ்பெயின் அரசு அந்த இளைஞர்களுக்கு ராஜதந்திரக் கடவுச்சீட்டு கொடுக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் அந்தக் கச்சேரியே நடந்திருக்காது.

கடவுச்சீட்டு என்றதும் ஒரு நடைமுறை விஷயம். யுனெஸ்கோவின் 2005-ஆம் ஆண்டுப் பண்பாட்டு உடன்படிக்கையில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வளரும் நாடுகளின் கலைஞர்களுக்குப் பணக்கார நாடுகள் சலுகை காட்டிப் பரிமாற்றத்தை எளிதாக்க வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்ட நாடுகள் நிறைய. விசா வரிசையில் நின்ற கலைஞரைக் கேட்டால் அந்தப் பிரிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. அழைப்புக் கடிதத்தில் நிகழ்ச்சி தேதி இருக்கும். பயணமும் தங்கலும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமையும். உள்ளூர்க் கலைஞர்களோடு மூன்று வாரம் உட்கார்ந்து பயில வேண்டும் என்றால் அதற்கு நிதி தேடுவது பெரும்பாடு. பயிற்சிக் கூடத்துக்கு வாடகை, சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம், வயதானவரை அழைத்துவர வண்டிச் செலவு, இவற்றில் எதையும் படம் பிடித்து ஆண்டறிக்கையில் போட முடியாது. அதனால் விழாவுக்குப் பணம் வருகிறது, வாராந்திர வகுப்புக்கு வருவதில்லை.

நேயர்களில் யாராவது ஏதேனும் ஒரு நிறுவனத்தில் நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருந்தால், கலைக்கான விண்ணப்பம் அடுத்த முறை மேசைக்கு வரும்போது, நிகழ்ச்சி என்றைக்கு என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மாதம் கூடிப் பயிலப் போகிறீர்கள், அந்த மாதங்களுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

நன்றி. வணக்கம்.