கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

"எனக்கு நேரமே போதவில்லை" என்று உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடமே நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். காலையில் நாலரைக்கு எழுந்திரு. போனை அணைத்து வை. முதல் நாள் ராத்திரியே பட்டியல் போட்டுக்கொள். என் மச்சான் ஒரு ஆப் வைத்திருக்கிறான், அதை இறக்கிப் பார். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவரும் தலையை ஆட்டிக்கொள்வார். அடுத்த வாரமும் அவருக்கு நேரம் போதாது.

என் தொழில் இந்த இடத்தில்தான் வருகிறது. புரொடக்டிவிட்டி கோச் என்று பலகையில் போட்டிருக்கிறேன். வேலை குவிந்து திணறுகிறவர்கள், தள்ளிப்போட்டே பழகியவர்கள், நாள் முழுக்க ஓடிவிட்டு ராத்திரி "இன்றைக்கு என்னதான் செய்தேன்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் வருவார்கள். ஒரு மணி நேரம் பேசுவோம். பேசுவோம் என்றேனே, பெரும்பாலும் அவர்கள்தான் பேசுவார்கள். நான் கேள்வி கேட்பேன், கேட்டுக்கொண்டிருப்பேன். இதைச் சொன்னதும் என் சித்தப்பா ஒருவர், "பேசறது அவங்க, காசு உனக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் விடை ஆசிரியரிடம் இருக்கும். மாணவர் வாங்கிக்கொண்டு போவார். என்னிடம் வருகிறவருக்கான விடை என்னிடம் கிடையாது, ஏனென்றால் அவருடைய நாள் எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், மாமியாருக்கு எப்போது மாத்திரை கொடுக்க வேண்டும், மேலதிகாரி எந்த நேரத்தில் எரிந்து விழுவார், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இது எதுவும் தெரியாமல் நான் கொடுக்கிற யோசனை, அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி. துணி நல்ல துணியாகவே இருக்கலாம். தோளில் பிடிக்கும்.

சரி, யோசனை சொல்லாமல் ஒருவருக்கு உதவ முடியுமா? இதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திமோதி கால்வே என்று ஒரு அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணிக்குத் தலைவராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்கையை இப்படி வை, மணிக்கட்டைத் திருப்பாதே, காலை முன்னே எடு என்று எல்லா ஆசிரியர்களையும் போலத்தான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல ஆடுகிறவரின் உடம்பு விறைத்துப்போவதைக் கவனித்தார். நமக்கும் இது தெரியும்தானே? பின்னால் உட்கார்ந்து அப்பா "கிளச்சு, கிளச்சு" என்று கத்தும்போதுதான் வண்டி நின்றுபோகும்.

கால்வே ஒன்று செய்தார். பந்து தரையில் பட்டு எழும் நொடியில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மட்டையில் படும் நொடியிலும் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரியான நொடியில் சொல்ல வேண்டுமானால் பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் அங்கே போனதும், "தப்பாக அடித்துவிடுவேனோ" என்ற புலம்பல் உள்ளே அடங்கிப்போனது, கை தன்னாலே சரியான இடத்துக்கு வந்தது. இதை அவர் 1974இல் புத்தகமாக எழுதினார். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத அலுவலகக்காரர்களும் அதைத் தேடிப் படித்தார்கள்.

கதையின் ருசியான பகுதி இனிமேல்தான். இங்கிலாந்தில் ஜான் விட்மோர் என்று ஒருவர். கார் பந்தய வீரர். 1961இல் சின்ன மினி காரை ஓட்டிப் பிரிட்டன் பட்டத்தையும், 1965இல் ஐரோப்பியப் பட்டத்தையும் வாங்கியவர். பந்தயத்தை விட்ட பிறகு கால்வேயிடம் கற்று, அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். டென்னிசும் பனிச்சறுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சமயம் டென்னிஸ் வகுப்புக்கு ஏகப்பட்ட கூட்டம், பயிற்சியாளர்கள் போதவில்லை. என்ன செய்வது? பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து, டென்னிஸ் உடுப்பைப் போட்டுவிட்டு, கக்கத்தில் ஒரு மட்டையையும் செருகி மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: என்ன ஆனாலும் அந்த மட்டையை எடுத்து அடித்துக் காட்டக் கூடாது!

நினைத்துப் பாருங்கள், கக்கத்தில் மட்டை, மனசுக்குள் பயம். ஆனால் அவர்களிடம் கற்றவர்களுக்கும் உண்மையான டென்னிஸ் பயிற்சியாளர்களிடம் கற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று விட்மோரே எழுதியிருக்கிறார். ஓரிரு சமயம் பனிச்சறுக்குக்காரர்களிடம் கற்றவர்களே நன்றாக ஆடியிருக்கிறார்கள். காரணமும் சொல்கிறார். டென்னிஸ் தெரிந்தவர் கண்ணுக்கு எதிரே இருப்பவரின் தவறுதான் முதலில் படும். தெரியாதவருக்குத் தவறு தெரியவே தெரியாது. அதனால் ஆளைப் பார்த்தார், உடம்பு எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்று கேட்டார். கேட்கப்பட்டவர் தானே கவனித்துத் தானே சரிசெய்துகொண்டார்.

அந்த மட்டையை நான் மறப்பதில்லை. வருகிறவர் பேச ஆரம்பித்ததும் எனக்குள்ளும் யோசனை முளைத்துவிடும். மனுஷி தானே. கக்கத்திலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வேன்.

சொல்வதற்குச் சுலபம். செய்வதில் கஷ்டம் எங்கே என்றால், கேள்வி கேட்ட பிறகு வருகிற மௌனத்தில். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டால் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். பதில் வராவிட்டால் வேறு மாணவர், இல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுகிறார். அதை மூன்று நொடியாக நீட்டச் சொன்னார். மாணவர்களின் பதில் நீண்டது. வாயே திறக்காத பிள்ளைகள் பேசின. "தெரியாது சார்" குறைந்தது. மூன்று நொடி என்றால் ரொம்பக் குறைவு என்று தோன்றுகிறதா? இப்போது சும்மா இருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

(மூன்று நொடி மௌனம்)

நிலையத்தில் இருப்பவர்கள் பதறிப்போயிருப்பார்கள், மன்னிக்க வேண்டும். வானொலியில் மௌனம் என்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். நாம் எல்லாருமே பேச்சில் அப்படித்தான் பயப்படுகிறோம், அவசரமாக எதையாவது போட்டு நிரப்புகிறோம். எதிரே இருப்பவர் யோசிக்க ஆரம்பித்த அந்த நேரம் பார்த்து நாம் பேசிவிடுகிறோம்.

அப்புறம், கேள்வி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிற யோசனை. இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபமே வந்துவிடும். "காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தா என்ன?" இதில் கேள்வி எங்கே இருக்கிறது? "ஏன் முடிக்கலை?" என்பதும் அந்த ரகம்தான். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்பில் எழுந்து நின்ற நாள் ஞாபகம் வந்துவிடும், சாக்குதான் பதிலாக வரும். "எந்த இடத்தில் நின்றுபோனது?" என்று கேட்டால் ஆள் யோசிக்கிறார். ஏன் என்பதை விட்டுவிட்டு எங்கே, எப்போது, என்ன என்று கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் போனில் பேசும்போது எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்புறம்... வேறென்ன?" என்பார்கள். எதற்காகப் போன் செய்தாரோ அந்த விஷயம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். கைமாற்றுக் கேட்பவர்கள் அந்த இடத்தில்தான் கேட்பார்கள். என் தொழிலிலும் அதுதான் முக்கியமான கேள்வி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அனுமதி வாங்கியிருக்கிறேன், அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஜவுளி வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிற பெண்மணி. மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற்ற வேண்டும், 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டித் தாக்கல் செய்ய வேண்டும். 18, 19, 20 வந்தால் அவருக்குத் தூக்கம் கிடையாது. பெரிய டைரி, நாலு நிறப் பேனா, போனில் விதவிதமான ஆப்கள். உட்கார்ந்ததும், "மேடம், இதுக்கு நல்ல ஆப் எது?" என்றார்.

"நேற்று ஆபீசில் நுழைந்ததும் முதலில் எதைத் தொட்டீர்கள்?" என்று கேட்டேன்.

போனை. வாட்ஸ்அப்பில் கடைக்காரர்கள் பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒன்று தலைகீழாக இருக்கும், ஒன்றில் பாதி பில், பாதி கட்டைவிரல். மெத்தை விரிப்பின் மேல் வைத்து எடுத்தது, எழுத்து மங்கிப்போனது. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, கடைப் பெயரும் தேதியும் போட்டுச் சேமிப்பார். பதினொன்றரை ஆகிவிடும்.

என் மனசுக்குள், "உதவியாளரிடம் கொடுத்துவிடலாமே" என்று ஓடியது. மட்டை! கக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். "அந்த வேலை செய்யும்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "நிம்மதியா இருக்கும் மேடம். என்னை ஒண்ணும் கேக்காத வேலை அது மட்டும்தான்."

"அப்புறம்?"

பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருந்தேன். மூன்று நொடிக்கு மேலேயே இருக்கும். பிறகு சொன்னார், "நாலஞ்சு பேருக்குப் போன் பண்ணணும். அதைத்தான் தள்ளிப்போடறேன்." பில்லே அனுப்பாத பழைய வாடிக்கையாளர்கள். மாமனார் காலத்திலிருந்து வருகிறவர்கள், வயதில் பெரியவர்கள். அவர்கள் இவருக்கும் பல மாதக் கட்டணம் பாக்கி. பில் கேட்கப் போன் செய்தால் பாக்கியும் நாக்கு நுனியில் வந்து நிற்கும். கேட்கவும் முடியாது, கேட்காமல் வைக்கவும் முடியாது. அதனால் போனே செய்வதில்லை. 18ஆம் தேதி அந்தக் கணக்கெல்லாம் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எந்த ஆப் இதைக் கண்டுபிடிக்கும், சொல்லுங்கள்!

வழியும் அவரே கண்டுபிடித்தார். பாக்கியைத் தனியாகப் பிரித்துவிட்டார். தாக்கல் செய்த ரசீதைக் கொடுத்தனுப்பும்போது அதனுடன் ஒரு சீட்டு, எவ்வளவு பாக்கி என்று. பேச்சில் அது வரவே வராது. பில் கேட்கிற போனை 5ஆம் தேதி மத்தியானம் செய்வது என்று வைத்துக்கொண்டார். மத்தியானம் எதற்கு என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு மேல கடையில ஆள் வராது மேடம், முதலாளி கல்லாவுல சும்மா உட்கார்ந்திருப்பாரு. அப்பத்தான் போனை எடுப்பாரு." இது எனக்கு எப்படித் தெரியும்? உதவியாளர் விஷயமும் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் அரை நாள்தான் வருகிறாள், அதுவும் மதியத்துக்கு மேல். என் யோசனையைச் சொல்லியிருந்தால் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்.

இப்போதும் 20ஆம் தேதி வேலை இருக்கத்தான் செய்கிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். பாக்கியில் பாதிதான் வந்திருக்கிறது, மீதி வருமா என்பது வியாபாரிகள் பாடு.

எல்லாவற்றுக்கும் கேள்வியே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. எக்செல்லில் வரிசைப்படுத்தத் தெரியாதவரிடம் "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால் அது வீம்பு. பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிட வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும், நான் கையில் எடுக்கக் கூடாது. இன்னொன்று, மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, "இவருக்கு நேர நிர்வாகம் வரவில்லை, கொஞ்சம் சரிசெய்யுங்கள்" என்று அனுப்புகிற நிறுவனங்கள் உண்டு. அங்கே சரிசெய்ய வேண்டியது ஆட்களின் எண்ணிக்கையை. அதை நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்கள் என்னை மறுபடி கூப்பிடுவதில்லை.

நல்ல கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். வேகமாகச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு இங்கே அரசு உரிமம் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழ் கொடுக்கிறது, அதன் முதல் படிக்கே 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பேசிப் பாருங்கள். அந்தப் பேச்சில் உங்களைவிட அவர் அதிகம் பேசினால் வேறு ஆளைத் தேடுங்கள். எத்தனை அமர்வு, என்ன கட்டணம், பாதியில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்று ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்கு நேரம் இல்லை. வணக்கம்.