படிவு கிட்னியில், பிழை ரத்தத்தில்

(தர்மபுரியில் பொதுமக்களுக்காக நடந்த ஒரு சிறுநீரக நலக் கூட்டத்தில் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. அவரிடமிருந்து ஊசியில் எடுத்து அனுப்புகிற துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர். நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. அவருடைய கிட்னி தெரியும்.

இந்தப் பக்கம் கிட்னி என்று பேச்செடுத்தால் உடனே தண்ணீரைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறையையும் எலும்புப் பாதிப்பையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பிறகுதான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. கிட்னி ஏற்கெனவே பழுதானவர் உடம்பில் ஃபுளோரைடு கூடுதலாகத் தங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நல்ல தண்ணீரே குடித்து வளர்ந்த, சர்க்கரையோ பிரஷரோ இல்லாத இருபது வயதுப் பிள்ளைக்கும் ஒருநாள் 'உப்பு ஏறிடுச்சு', அதாவது கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் கழிவு கூடிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் ஏன் என்று புரிவதில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ 10 லட்சம் குட்டி ரத்தநாள முடிச்சுகள் உண்டு. குளோமருலஸ் என்று பெயர். தேங்காய்ப்பால் வடிகட்டுகிற துணியைப் போல, நீரை விட்டுவிட்டு வேண்டியதை உள்ளே நிறுத்திக்கொள்ளும். கிருமியை எதிர்க்க உடம்பு செய்கிற ஆன்டிபாடி சில பேருக்கு அங்கே போய்ப் படிந்துவிடுகிறது. படிந்தது சும்மா இருக்காது, அழற்சியைக் கிளப்பும். அப்புறம் புரோட்டீனும் ரத்த அணுக்களும் யூரினில் இறங்கத் தொடங்கும்.

இது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? துணுக்கை உறைய வைத்து மெல்லியதாகச் சீவி, படிந்ததைத் தேடி ஒட்டிக்கொள்கிற, ஒளிரும் சாயம் கட்டிய இன்னொரு ஆன்டிபாடியை அதன்மேல் விடுவோம். இருட்டில் பச்சையாக ஒளிரும். நேர்கோடாக ஒளிர்ந்தால் ஒரு நோய், பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் வேறு நோய். லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்குகிற நோய், வந்தவரின் கிட்னியில் நாங்கள் தேடுகிற அத்தனை வகைப் படிவும் ஒன்றாக ஒளிர்வதைப் பார்க்கலாம். ஒரு சங்கடம்: துணுக்கு முழுவதையும், கெடாமல் வைக்கிற ஃபார்மலின் என்ற திரவத்தில் போட்டு அனுப்பிவிட்டால் இந்தப் பச்சை சரியாக வராது. ஒரு பகுதியைத் தனிக் கரைசலில் அனுப்ப வேண்டும். மாவட்டத்திலிருந்து பெரிய ஊருக்குப் போகிற துணுக்குகளில் இது முக்கியம்.

1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜே, நிகோல் இங்லே என்ற இருவர் இப்படிப் பார்த்துத்தான் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி குளோமருலஸின் நடுப்பகுதியில் படிந்திருப்பதை எழுதினார்கள். ஐஜிஏ நம் தொண்டையையும் குடலையும் காவல் காக்கிற ஆன்டிபாடி. இந்த நோயாளிகளிடம் அதன் ஒரு வகையில் சர்க்கரைத் துணுக்கு ஒன்று குறைவாக இருக்கும். உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து, அதற்கு எதிராகவே இன்னொரு ஆன்டிபாடி செய்கிறது. இரண்டும் கட்டிக்கொண்டு போய்க் கிட்னியில் உட்காருகின்றன. தொண்டை வலி வந்த ஓரிரு நாளில் யூரின் கோலா நிறத்தில் போனால் இந்த ஐஜிஏ நோயை நினைக்க வேண்டும். சொறி சிரங்கு வந்த குழந்தைக்குச் சில வாரம் கழித்து முகம் வீங்கி யூரின் கறுத்தால் அது வேறு. பெரும்பாலான குழந்தைகள் அதிலிருந்து முழுதாக மீண்டுவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஐஜிஏ நோயாளிக்குச் சுத்தமான கிட்னியைப் பொருத்தினாலும் பலருக்கு அதிலும் மறுபடி படிகிறது. ஆனால் ஐஜிஏ படிந்த கிட்னியை, அந்த நோய் இல்லாத ஒருவருக்குப் பொருத்தினால் படிவு மெல்லக் கரைந்துபோகிறது! பிழை ரத்தத்தில் இருக்கிறது, பாவம், கிட்னி மாட்டிக்கொள்கிறது. இன்னொன்று: ஜப்பானில், ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்து எடுத்த தானக் கிட்னிகள் உட்படச் சுமார் 500 கிட்னிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஐஜிஏ படிவு இருந்தது. ரிப்போர்ட்டில் 'படிவு' என்று பார்த்ததும் டயாலிசிஸ்தான் என்று அழ வேண்டியதில்லை. எவ்வளவு புரோட்டீன் கசிகிறது என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு அரை கிராமுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தப் பார்ப்பதுதான் இன்றைய சிகிச்சையின் குறி. பிரஷர் மாத்திரையிலேயே அந்த வேலை தொடங்குகிறது.

எல்லாப் படிவும் உள்ளிருந்தே வருவதில்லை. 2023-இல் கேரளத்தின் மலப்புறத்தில், முகம் வெளுக்கப் பூசிய கிரீம்களிலிருந்த பாதரசத்தால் சிலருக்கு மெம்பரனஸ் என்ற படிவு நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்குப் பிறகும் இதே நோய் பதிவாகியிருக்கிறது. பஸ்பம், செந்தூரம், பெயரில்லாத கிரீம் எது பயன்படுத்தினாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரே என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

'பயாப்சி எடுத்தால் கிட்னி போய்விடுமாமே?' என்று இப்போது ஒரு அம்மா கேட்டார். போகாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு, முதுகுப் பக்கமாக எடுப்பது நூல்போல ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். சில மணி நேரம் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். சிலருக்கு ஒரு நாள் யூரின் சிவப்பாகப் போகும். அரிதாக ரத்தக் கசிவு அதிகமாகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.