கிட்டாரும் ஒரு கொட்டுதான்

அவையோருக்கு வணக்கம். மதுரைப் பக்கம் நாட்டுப்புறப் பாட்டைக் கிட்டாரோடு பாடுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். சந்தோஷம். ஆனால் கேட்கும்போது ஆட்டம் வருவதில்லை. வரிக்கு வரி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றுகிறார்கள்; வலது கையோ சினிமா மெலடிக்கு அடிக்கிற அதே அடியை அடிக்கிறது.

அவர்களுக்கெல்லாம் அமெரிக்கப் பாடகர் ரிச்சி ஹேவன்ஸைக் கேளுங்கள் என்பேன். 1941-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சின்ன வயதில் தெருமுனையில் கூட்டாளிகளோடு டூ-வாப் என்கிற கூட்டுக்குரல் பாட்டு, அப்புறம் காஸ்பெல் என்கிற கிறிஸ்தவ பக்திப் பாட்டுக் குழுவில் பாட்டு. கிட்டார் பிறகுதான் வந்தது. குரலிலேயே தாளம் பிடித்துப் பழகியவர் கையில் அது கொட்டாக மாறியதில் என்ன ஆச்சரியம்?

கம்பிகளை அவர் திறந்த டி சுருதியில் கூட்டியிருப்பார். தடித்த கம்பியிலிருந்து நம் கணக்கில் சொன்னால் ச, ப, ச, அந்தர காந்தாரம், ப, ச. சும்மா அடித்தாலே முழு கார்டு. வேறு கார்டு வேண்டுமென்றால் இடது கைப் பெருவிரலைக் கழுத்துக்கு மேலாகக் கொண்டுவந்து குறுக்கே அழுத்துவார். (கிட்டார் வாத்தியார்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், போகட்டும்.) இடது கைக்கு வேலை குறைந்ததால் வலது கை மேலும் கீழுமாக, மூச்சு வாங்காமல் ஓடும். பக்கத்தில் காங்கா கொட்டு வேறு.

1969 ஆகஸ்ட் 15, அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழா. மற்ற கலைஞர்கள் நெரிசலில் மாட்டிக்கொள்ள, முதலில் மேடையேறியவர் இவர். இன்னும் பாடு, இன்னும் பாடு என்றார்கள் விழா நடத்தியவர்கள். கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்தது. 'ஃப்ரீடம்' என்ற ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி, தாயில்லாப் பிள்ளையாய் உணர்கிறேன் என்கிற பழைய கறுப்பின மக்களின் பக்திப் பாட்டை அதோடு கோத்தார். மேடையிலேயே கட்டிய பாட்டு அது. முளைப்பாரிக் கும்மியில் ஆட்டம் சூடுபிடித்தால் ஒரே வரியை நம் பெண்கள் எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பார்கள்!

அவருடைய அடியை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. நமக்கு உறுமி இருக்கிறது. ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு, மறு முகத்தில் அடி. தேய்ப்பைத் தடித்த கம்பிகளுக்கும் அடியை மெல்லிய கம்பிகளுக்கும் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். நம் மெட்டுகளில் பலவும் ஒரே சுருதிமேல் நிற்பவை, கார்டு அதிகம் தேவையில்லை.

ஒன்று மட்டும் கவனம். சாதாரண காந்தாரம் (அந்தர காந்தாரத்துக்கு அரைச் சுரம் கீழே இருப்பது) வருகிற மெட்டு என்றால் அந்தத் திறந்த டி சுருதி உதைக்கும். அப்போது அந்தர காந்தாரத்தில் இருக்கும் கம்பியை (மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவது) இன்னும் அரைச் சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். டி குரலுக்கு ஒத்துவராதவர்கள் கேப்போ (கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டிக்கொள்ளலாம்.