நிழலின் அருமையும் பழைய மைதானங்களும்

(பிட்ஸ்பர்க் பொங்கல் விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, வெங்கடேசுவரர் கோயிலிலிருந்து நேரே இங்கு வந்திருக்கும் பெரியவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய அம்மையார் தமிழ்ப் பள்ளிக்குச் செய்துவரும் தொண்டைச் சொல்லாமல் தொடங்கினால் முறையாகாது. அவருக்குப் பலமாகக் கை தட்டுங்கள்.

இரண்டு செய்திகள் பேசப் போகிறேன்: பழைய பேஸ்பால் மைதானங்கள், நம் ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸுக்கு வரும் 2026 சீசனுக்கான கணிப்பு.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இந்த ஊரில் ஓக்லண்ட் பகுதியில், பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு பழைய செங்கல் சுவர் நிற்கிறது. தினமும் அதைக் கடந்துபோகும் நம் மாணவர்களில் பலருக்கு அது என்னவென்று தெரியாது. 1909-இல் திறந்து 1970 வரை ஆட்டம் நடந்த பைரேட்ஸின் பழைய மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் மிச்சம் அது.

1960-இல் பேஸ்பாலின் சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் வேர்ல்டு சீரீஸின் கடைசி ஆட்டம் நடந்தது அங்கேதான். எதிரே நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பாருங்கள்: யாங்கீஸ் 55 ரன், நாம் 27. கணக்குப் போட்டவர் யாராவது நம்மைச் சொல்லியிருப்பாரா? ஆனால் முதல் ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம் கடைசி இன்னிங்ஸில் 9-9. நம் பில் மாஸெரோஸ்கி மட்டையோடு வருகிறார். இரண்டாவது பந்து. அடித்தார் பாருங்கள், யாங்கீஸின் யோகி பெர்ரா இடப்பக்கம் நின்று அண்ணாந்து பார்க்க, பந்து சுவரைத் தாண்டிப் போயே போய்விட்டது! ஹோம் ரன், நாம் சாம்பியன்! மணி பிற்பகல் 3:36. மைதானத்தை இடித்த பிறகு, 1985-இல் ஒரு ரசிகர் தனியாக வந்து சுவரடியில் உட்கார்ந்து, அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையை டேப்பில் போட்டுக் கேட்டார். அடுத்தடுத்து ஆட்கள் சேர்ந்தார்கள். அப்புறம் அதுவே ஆண்டுதோறும் அக்டோபர் 13-ஆம் தேதிச் சடங்கானது. முடிவு தெரிந்த ஆட்டம்தான், ஆனாலும் அந்த ஹோம் ரன்னுக்கு இன்றும் ஆரவாரம் செய்கிறார்கள்! நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஐயா.

பாஸ்டன்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1912-இல் திறந்த தங்கள் ஃபென்வே பார்க் மைதானத்துக்குப் பதில் புதிது கட்டும் திட்டம் 1999-இல் வந்தபோது ரசிகர்கள் எதிர்த்து நின்றார்கள். பின்னால் வந்த உரிமையாளர்கள் பழையதையே செப்பனிட்டார்கள். அட்லாண்டாவிலோ, டர்னர் ஃபீல்டு மைதானத்தை 20 சீசனிலேயே அந்த ஊர் அணி கைவிட்டுப் போனது. அதனால்தான் எனக்குக் கவலை. பைரேட்ஸ் இப்போது ஆடும், ஆற்றங்கரையில் நிற்கும் நம் பிஎன்சி பார்க் 2001-இல் திறந்தது. பாலமும் நகரமும் எதிரே தெரியும் அந்த இடத்தை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. "பழசாகிவிட்டது" என்று யாராவது பேச்செடுத்தால், முதலில் எழுந்து நிற்பது நாமாக இருக்க வேண்டும். வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, கணிப்பு. எல்லோரும் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸ்தான் ஜெயிக்கும் என்கிறார்கள். சென்ற ஆண்டு நம் பிரிவில் கடைசி இடம் நமக்கு. ஆனால் சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்குத் தரும் சை யங் விருது வாங்கிய பால் ஸ்கீன்ஸ் நம்மிடம் இருக்கிறார். சீசன் முடிவில் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் பிளேஆஃப், 2015-க்குப் பிறகு நமக்கு எட்டாதது, இந்த முறை எட்டும் என்பது என் கணிப்பு. 55-க்கு 27 நினைவிருக்கட்டும்.

வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரலில் குடும்பமாகப் பிஎன்சி பார்க்குக்கும், அக்டோபர் 13 அந்தச் சுவரடிக்கும் வருகிறவர்கள் சாப்பிடப் போகும் முன் பெயர் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நன்றி, வணக்கம்.